ரெண்டாவது கீப்பரை விட்டுடாதே, தம்பி

உன் அம்மா சொல்லித்தான் வந்திருக்கன்னு தெரியும். "நீங்க சொன்னாத்தான்பா கேப்பான், காசைக் கரியாக்குறதை நிறுத்தச் சொல்லுங்க"ன்னு போன்ல ஒரே புலம்பல். நான் நிறுத்தச் சொல்லமாட்டேன். ஒருத்தன் கெட்டுப்போறதுன்னு முடிவு பண்ணிட்டா, முறையா கெட்டுப்போக வழி காட்டுறதுதான் பெரியவங்களுக்கு அழகு. இந்தச் சூலியா தெரு அஞ்சடியில உக்காந்து நான் பாக்காத கேடா? முதுகுல மூட்டையோட வெள்ளைக்காரன் வந்து இறங்குவான், நாளைக்குப் படகேறிடுவேன்னு சொல்லுவான், அடுத்த தீபாவளிக்கும் அதே லாட்ஜு வாசல்ல நின்னு மீ தின்னுக்கிட்டிருப்பான். நீ பந்துக்காரன் படம் சேக்குற. அதுக்குப் போயி உன் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு.

ஆல்பத்தை இப்படிக் குடு. கையைத் தொடைச்சுட்டுத்தான் தொடுறேன், பயப்படாதே.

மான்செஸ்டர் யுனைடெட். நல்லது, ரொம்ப நல்லது. இங்கேருந்து பத்தாயிரம் கிலோமீட்டர். அவங்க ஆடுற நேரத்துல இங்கே கோழி கூவுது. 2013க்கு அப்புறம் லீக் பட்டத்தைத் தொட்டதில்ல. படத்துல மட்டும் ஒவ்வொருத்தனும் கையைக் கட்டிக்கிட்டு, நாளைக்கே ஊரைப் பிடிக்கப்போற மாதிரி நிக்கிறான். எனக்கு அது பிடிச்சிருக்கு. ஜெயிச்சவன் நெஞ்சை நிமித்துறது ஒரு விஷயமா?

அது சரி, இந்தப் பக்கத்துல பாதிக் கட்டம் காலியா கிடக்கு. ஒட்டினதெல்லாம் யாருன்னு பாத்தா முன்னாடி ஓடுறவன், கோல் அடிக்கிறவன், தலைமுடிக்குச் சாயம் போட்டவன். பின்னாடி நிக்கிறவன் ஒருத்தனையும் காணோம். கீப்பர் ஒருத்தன் இருக்கான், அவனும் கோணலா ஒட்டியிருக்கு. இதுக்குப் பேரு டீம் சேக்குறதா தம்பி? இது கல்யாண வீட்டுல மாப்பிள்ளையை மட்டும் படம் பிடிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு.

சரி, வந்தது வந்துட்ட, கேட்டுட்டுப் போ.

இந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சவன் பந்துக்காரன் இல்ல, சிகரெட்டுக்காரன். அந்தக் காலத்துல சிகரெட் உறை மெல்லிசா இருக்கும், சட்டைப் பையில வெச்சா உள்ளே இருக்கிறது நசுங்கிப் போகும். நசுங்காம இருக்க நடுவுல கெட்டி அட்டை ஒண்ணு சொருகினாங்க. சும்மா இருக்கிற அட்டையில படத்தைப் போட்டா இன்னொரு பாக்கெட் வாங்குவான்னு எவனோ ஒரு புண்ணியவானுக்குத் தோணியிருக்கு. அமெரிக்காவுல பேஸ்பால் ஆடுறவங்க படத்தைப் போட்டாங்க. 1909லேருந்து 1911 வரைக்கும் அங்கே ஒரு புகையிலைக் கம்பெனி போட்ட வரிசையில ஹோனஸ் வாக்னர்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் படத்தை மட்டும் சீக்கிரமே அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சின்னப் பிள்ளைங்க சிகரெட் வாங்கக்கூடாதுன்னு அவர் தடுத்தாருன்னு ஒரு கதை. காசு ஒழுங்கா குடுக்கலைன்னு தடுத்தாருன்னு இன்னொரு கதை. முதல் கதையை நம்புறதுக்கு உன் வயசு போதும். ரெண்டாவது கதைக்கு என் வயசு வேணும். எப்படியோ, மிஞ்சினது கொஞ்சம்தான். அதுல ஒண்ணு 2022ல 72 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கைமாறிச்சு.

கண்ணு விரியுது பாரு! இரு, இன்னும் இருக்கு. அதே வாக்னர் அட்டையில இன்னொண்ணு, மூலை மழுங்காம, ஓரம் பிசிறாம, நேத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஐஸ் ஹாக்கி ஆடின வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியைச் சேத்துக்கிட்டு 1991ல 4 லட்சத்து 51 ஆயிரம் டாலர் குடுத்து அதை எடுத்தாரு. உலகத்துலயே சுத்தமான அட்டைன்னு பேரு. அட்டைக்கு மார்க் போடுற கம்பெனிக்காரங்க பிளாஸ்டிக் பெட்டியில அடைச்சு, பெட்டி மேல மார்க்கையும் ஒட்டிக் குடுத்தாங்க. 2013ல, அதை முன்னாடி வித்த பில் மாஸ்ட்ரோங்கிற வியாபாரி கோர்ட்டுல ஒத்துக்கிட்டாரு, ஓரத்தை நறுக்கினது நான்தான்னு. இத்தனை வருசமா கத்திரிக்கோலுக்கு மார்க் போட்டிருக்காங்க.

நான் இந்தத் தெருவுல நோட்டு மாத்துற கடையில உக்காந்து பல்லு விழுந்தவன். எங்க முதலாளி முதல் நாளே சொன்னாரு, "நோட்டுல ராசா மூஞ்சியைப் பாக்காதே, ஓரத்தைப் பாரு. சந்தேகம் வந்தா நல்ல நோட்டு ஒண்ணை மேல வெச்சு, நாலு பக்கமும் சேருதான்னு பாரு." அட்டைக்கும் அதே வைத்தியம்தான். யாராவது உன்கிட்ட பழைய அட்டை, அருமையான அட்டைன்னு நீட்டினா, முதல்ல ஒரு சாதா அட்டையை அதுமேல வெச்சுப் பாரு. நீட்டினவன் அப்போ உன் கையைப் பாக்கிறானா, வாசலைப் பாக்கிறானான்னும் கவனி. வாசலைப் பாத்தா வாங்காதே.

நான் மட்டும் யோக்கியமான்னு கேக்காதே. கெடாவுல கித்தாக் காட்டு லயத்துல வளந்தவன் நான். எங்களுக்கு ஏது ஆல்பம்? சிகரெட் அட்டைதான். பெட்டியைக் கிழிச்சு, மேல் அட்டையைத் தட்டையாக்கி, வட்டம் போட்டு நடுவுல அடுக்கி, தூர நின்னு கல்லால அடிக்கிறது. வட்டத்துக்கு வெளியே தள்ளினது உனக்கு. தண்டல் குடிக்கிற மட்டச் சிகரெட் அட்டைக்கு மதிப்பு அஞ்சுன்னா, துரை குடிக்கிற அட்டைக்கு நூறு. அதுக்காகப் பங்களா பின்பக்கக் கால்வாயில இறங்கி, சேத்தைக் கிளறி, நனைஞ்ச அட்டையை எடுத்து, பால் காய்ச்சுற அடுப்புப் பக்கத்துல காயவெச்சுக் கொண்டுவந்தவன் நான். ஒரு பக்கம் சுருண்டு போயிருக்கும். "சுருண்டதுக்கு அம்பதுதான்"னு பெரிய பையன் ஒருத்தன் தீர்ப்பு சொல்லுவான். மார்க் போடுற வேலையை அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சான்னு நினைச்சுக்கிட்டிருக்க.

காகிதத்துக்கு விலை எப்படி வருதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது லயம் இல்ல, எங்கப்பா வெச்சிருந்த பிஸ்கட் டின். 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் பினாங்குக்குள்ள வந்தான். வந்ததும் தன் நோட்டைப் போட்டான். பத்து வெள்ளி நோட்டுல வாழைமரம், குலை தள்ளின மரம், பாக்க லட்சணமாத்தான் இருக்கும். ஊரே அதை வாழைமர நோட்டுன்னுதான் சொல்லும். ஆரம்பத்துல எண் போட்டு அடிச்சவன், போகப் போக எண்ணைத் தூக்கிட்டு வெறும் எழுத்தை மட்டும் போட்டு அடிச்சுத் தள்ளினான். எவ்வளவு அடிச்சான்னு எவனுக்கும் தெரியாது. எங்கப்பா கெட்டிக்காரரு, வந்த நோட்டையெல்லாம் செலவழிக்காம டின்ல சேத்தாரு. 1945ல ஜப்பான்காரன் சரணடைஞ்சான். நோட்டு செல்லாதுன்னு ஆச்சு. எங்கம்மா அந்த டின்னைக் காட்டித்தான் கடைசிவரைக்கும் அவரை அடக்கி வெச்சிருந்தா.

இப்போ பழைய சாமான் விக்கிற கடையில போயி பாரு. அதே வாழைமர நோட்டு, பிளாஸ்டிக் உறையில, சுற்றுப்பயணிக்கு. செல்லாத நோட்டைக் காசு குடுத்து வாங்கிட்டுப் போறான். அந்த டின்னு இருந்திருந்தா நானும் கடை போட்டிருப்பேன். கரையான் முந்திக்கிச்சு.

ஏன் சொல்றேன்னா, டப்பாவுல தனியா வெச்சிருக்கியே பளபளன்னு சில அட்டை, அதுல மூலையில 99ல இத்தனாவதுன்னு எண் போட்டிருக்கும் பாரு, அதைப் பாத்து நீ பூரிச்சுப் போற. 99தான் அடிச்சேன்னு சொல்றவன் கம்பெனிக்காரன். அதே ஆளு, அதே படம், பச்சை ஓரம் போட்டு 50, நீல ஓரம் போட்டு 150, தங்க ஓரம் போட்டு 10ன்னு அடிக்கிறவனும் அவன்தான். ஜப்பான்காரன் எண் போடாம ஏமாத்தினான், இவன் எண் போட்டே... சரி விடு, கெட்ட வார்த்தை வேணாம். எண்ணைப் பாத்து வாங்காதே, அவ்வளவுதான்.

விலை எப்படி ஏறுது, இறங்குதுன்னும் கேட்டுக்க. அமெரிக்காவுல டாப்ஸ் கம்பெனி 1952ல போட்ட வரிசையில மிக்கி மேண்டில்னு ஒரு பேஸ்பால்காரர் அட்டை. அந்த வருசம் கடைசியா வந்த, அவர் இருந்த கட்டு விக்கவே இல்ல. எட்டு வருசம் கிடங்குல இடத்தை அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு. கடைசியில சை பெர்கர்னு அந்தக் கம்பெனிக்காரரே 1960ல பெட்டி பெட்டியா குப்பைப் படகுல ஏத்திக்கிட்டுப் போயி நியூ ஜெர்சி பக்கம் கடல்ல கொட்டிட்டு வந்தாரு. அவரே பின்னாடி சொன்ன கதை. 2022ல அதே மேண்டில் அட்டை ஒண்ணு 1 கோடியே 26 லட்சம் டாலர். அந்தச் சேதி ஊரெல்லாம் பரவறதுக்கு ரொம்ப முன்னாடியே, அட்டைன்னா சொத்துன்னு ஒரு எண்ணம் வந்துடுச்சு. 1980களோட கடைசியில அமெரிக்காக்காரன் வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியா வாங்கி, பிரிக்காம, பிள்ளைங்க படிப்புச் செலவுக்கு ஆகும்னு அடுக்கி வெச்சான். கம்பெனிக்காரன் கேட்டவனுக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தான். எல்லாரும் பத்திரமா வெச்சிருந்தாங்க. அதனாலயே ஒண்ணுக்கும் விலை இல்லாம போச்சு. கடல்ல போட்டவன் விலையை ஏத்திவிட்டான், அலமாரியில வெச்சவன் இறக்கிவிட்டான். உன் அம்மா உன் டப்பாவை எடுத்துக் கடல்ல வீசுறேன்னு மிரட்டுறாளாமே, பாதியை வீசட்டும்னு சொல்லு, மீதிக்கு விலை ஏறும்.

இப்போ பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். உன் காசு போற ஓட்டை அதுதான்.

இத்தாலியில மோடெனான்னு ஒரு ஊரு. அங்கே பானினி குடும்பத்து அண்ணன் தம்பிங்க பேப்பர் கடை வெச்சிருந்தாங்க. 1960ல மிலான்ல ஒரு கம்பெனி விக்க முடியாம வெச்சிருந்த பந்துக்காரன் படங்களை மொத்தமா எடுத்தாங்க. எடுத்து என்ன பண்ணாங்க? படத்துல ஒரு புள்ளி மாத்தல. ரெண்டு ரெண்டா உறையில போட்டு, வாயை ஒட்டி, உறை பத்து லீரான்னு வித்தாங்க. முப்பது லட்சம் உறை போச்சு. கண்ணுக்குத் தெரிஞ்சப்போ எவனும் சீண்டாத படத்தை, மூடி வெச்சதும் அடிச்சுப் பிடிச்சு வாங்கியிருக்கான். அடுத்த வருசம் சொந்தமா அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. 1970ல மெக்ஸிகோ உலகக் கிண்ணத்துக்கு ஆல்பம் போட்டாங்க. இன்னிவரைக்கும் நாம உறையைக் கிழிச்சுக்கிட்டிருக்கோம். நீ காசு குடுக்கிறது படத்துக்குன்னு நினைக்காதே. கிழிக்கிறதுக்குத்தான் காசு.

உன் மாமா 2018ல உலகக் கிண்ண ஆல்பம் சேத்தானே, நினைப்பிருக்கா? பாவம், சம்பளம் வந்த அன்னிக்கு ஒரு கட்டு பாக்கெட்டோட வருவான். அந்த ஆல்பத்துக்கு 682 படம். பிரிட்டன்ல கார்டிஃப் பல்கலைக்கழகத்துல பால் ஹார்ப்பர்னு ஒரு கணக்கு வாத்தியார், யார்கிட்டயும் மாத்திக்காம பாக்கெட்டாவே வாங்கினா ஆல்பம் ரொம்புறதுக்கு எத்தனை வேணும்னு போட்டுப் பாத்தாரு. அஞ்சு படம் பாக்கெட்டு சராசரியா 967. அங்கத்து விலைக்கு 773 பவுண்டு 60 பென்ஸ். ஆல்பத்துல இருக்கிறது 682, நீ வாங்குறது 4,835. மிச்சமெல்லாம் டபுளு.

இதுல சூட்சுமம் எங்கே இருக்குன்னா, முதல் பாதி சுலபம். 470 படம் சொச்சம் வாங்கினாலே பாதி ஆல்பம் ரொம்பிடும். ஆகா, நமக்கு ராசின்னு நினைப்ப. இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கின்னு நிக்கிற பாரு, அந்த ஒண்ணுக்காக மட்டும் சராசரியா இன்னும் 682 படம் வாங்கணும். முழு ஆல்பத்துக்கு உண்டான எண்ணிக்கை, ஒரே ஒருத்தன் மூஞ்சிக்கு. உன் மாமாவுக்கு அந்த ஒருத்தன் பனாமா நாட்டுக்காரன். அவன் பேரைக் கூட உன் மாமாவால ஒழுங்கா சொல்ல முடியாது, ஆனா அவனுக்காகப் பட்டினி கிடந்தான்.

உன் கதை இதைவிட மோசம். நீ முழு ஆல்பம் கேக்கல, உன் டீம் மட்டும் போதும்னு சொல்ற. கேக்க அடக்கமாத்தான் இருக்கு. அந்த 2018 ஆல்பத்தையே எடுத்துக்க, ஒரு நாட்டுக்கு 20 படம். அந்த 20 மட்டும் போதும்னு பாக்கெட் வாங்கினா சராசரியா எத்தனை படம் வாங்கணும் தெரியுமா? 2,450க்குக் கிட்ட. இருபதுக்கு ரெண்டாயிரத்து நானூறு! நம்பலைன்னா உன் பள்ளிக்கூட வாத்தியாரைக் கேளு, போட்டுக் காட்டுவாரு. ஒரு டீம் மேல ஆசை வெச்சவன் பாக்கெட் வாங்கவே கூடாது. மத்தவன் வாங்குவான், கிழிப்பான், வேணாங்கிறதை ஒதுக்குவான். நீ அந்த ஒதுக்கின கட்டுப் பக்கத்துல போயி உக்காரணும்.

எங்கே உக்காரணும்னா கேக்குற? இந்தத் தெருவுலயே பழைய புத்தகக் கடையில கேட்டுப் பாரு. பினாங்கு ரோட்டுல சௌராஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புத்தகக்காரங்க இருக்காங்க, பாதி ஒட்டின ஆல்பம் பழைய காகிதத்தோட வந்து சேரும். பாதி ஒட்டினவனோட கண்ணீரு நமக்கு லாபம். அப்புறம் டியூசன் வாசல். அப்புறம் கம்பெனி மாறுற வருசத்துல கண்ணை வெச்சுக்க: இங்கிலாந்து லீக் படம் 2019லேருந்து பானினிக்காரன் கையில இருந்துச்சு, 2025-26லேருந்து மறுபடி டாப்ஸ்காரன். கம்பெனி மாறினா பழைய டபுளு புது ஆல்பத்துல ஒட்டாது. அப்போ பசங்க கட்டுக் கட்டா சும்மாவே குடுப்பாங்க. உன்னை மாதிரி ஒரு டீமுக்காரனுக்கு அதுதான் அறுவடை. எந்தக் கம்பெனி அடிச்சா என்ன, உன் ஆளு உன் ஆளுதானே.

பேரம் பேசுறப்போ ஒண்ணே ஒண்ணு. பெரிய ஆட்டக்காரன் படத்தை எவனும் சும்மா தரமாட்டான். ஒண்ணுக்கு அஞ்சு கேப்பான். ரெண்டாவது கீப்பரை எவனும் கேக்கமாட்டான். குடுக்கிறவனுக்கே வெக்கமா இருக்கும். உன்கிட்ட பெரிய ஆளு ஒருத்தன் டபுளா வந்தா, அவனைக் குடுத்து, பெஞ்சுல உக்காந்திருக்கிறவனை அஞ்சு பேரா வாங்கு. பசங்க உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். சிரிக்கிறவன் கணக்குப் பாக்கமாட்டான்.

பெஞ்சுன்னா இளக்காரமா? உன் மான்செஸ்டர் கதையையே சொல்றேன். 1999, மே மாசம் 26, பார்சிலோனாவுல ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம். ஜெர்மன்காரன் பயர்ன் மியூனிக் 1-0 முன்னாடி. தொண்ணூறு நிமிசம் முடிஞ்சு போச்சு. கிண்ணத்துல ரிப்பன் கட்ட ஆரம்பிச்சிட்டான். கூடுதல் நேரத்துல ரெண்டு கோல். அடிச்சது ஷெரிங்கமும் சோல்ஷயரும். ரெண்டு பேரும் ஆட்டம் ஆரம்பிச்சப்போ பெஞ்சுல உக்காந்திருந்தவங்க. அன்னிக்குக் காலையில உன்னை மாதிரி ஒருத்தன் சோல்ஷயரைக் குடுத்துப் பெரிய ஆளு ஒருத்தனை மாத்தியிருந்தா ராத்திரி என்ன பண்ணியிருப்பான்? நான் ஒட்டுக்கடையில பெரிய திரையில பாத்தேன். விடிகாலை. தே தாரிக் ஆத்துறவன் கையில இருந்த குவளை எங்கே போச்சுன்னு விடிஞ்சப்புறம்தான் தேடினான்.

இவ்வளவும் சொன்னேன், இப்போ நான் ஒரு கேள்வி கேக்குறேன். பினாங்கு டீமுல ஆடுற அஞ்சு பேரு பேரைச் சொல்லு.

பாத்தியா, ஆல்பத்தைப் புரட்டுற. அதுல இருக்கமாட்டாங்க தம்பி.

1921லேருந்து இங்கே காற்பந்துச் சங்கம் இருக்கு. நீலமும் மஞ்சளும். மலேசியக் கிண்ணம் நாலு தடவை: 1953, 54, 58, 74. அந்த 74 இறுதியில பேராக்கை 2-1. நான் ரேடியோவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுக் கேட்டேன். அந்தக் காலத்துல பினாங்குல நமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லான்னு ரெண்டு பேரு. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன மலேசியக் குழுவுல இருந்தவங்க. அங்கே அமெரிக்காவை 3-0ன்னு நம்ம பசங்க தோக்கடிச்சாங்க. இன்னிக்கு நூறு பேர்கிட்டச் சொல்லிப் பாரு, தொண்ணூறு பேரு தாத்தாவுக்குத் தலை சுத்துதும்பாங்க. கீப்பருன்னா ஆறுமுகம். சிலாங்கூர்க்காரரு, ஆனா கீப்பருக்கு ஊரு என்ன, எல்லாருக்கும் சொந்தம். கை அவ்வளவு நீளம், ஸ்பைடர்மேன்னுதான் கூப்பிடுவோம். 1980ல மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கியும், ரஷ்யாவைப் புறக்கணிக்கிறோம்னு மேல இருக்கிறவங்க சொன்னதால போகமுடியாம போன குழுவுல அவர்தான் கோலுக்கு முன்னாடி நின்னாரு. 1988ல கார் விபத்துல போயிட்டாரு. பேப்பர்ல வந்த படத்தையெல்லாம் வெட்டி, கஞ்சி போட்டு நோட்டுல ஒட்டி வெச்சிருந்தேன். கஞ்சி போட்டு ஒட்டினதால கரப்பானுக்குச் சாப்பாடா போச்சு. உனக்குப் பின்பக்கமே பசை. குடுத்து வெச்சவன்.

சரி, பழங்கதைன்னு கொட்டாவி விடுற. உன் காலத்துக் கதை சொல்றேன். 2016 பிப்ரவரி 16. சிட்டி ஸ்டேடியம், இங்கேருந்து மோட்டார்ல ஏறி உக்காந்தா வேர்க்கிறதுக்குள்ள போயிடலாம். பினாங்குக்கும் பகாங்குக்கும் ஆட்டம். இடது பக்கம் ரொம்ப தூரத்துல, முப்பது முப்பத்தஞ்சு மீட்டர் இருக்கும், ஒரு ஃப்ரீ கிக். ஃபைஸ் சுப்ரின்னு ஒரு ஆளு. நல்லா பின்னாடி போயி ஓடிவந்து ஒரு உதை. பந்து ஒரு பக்கமா கிளம்பிச்சு, கீப்பரும் அந்தப் பக்கமே கால் எடுத்து வெச்சாரு. பந்துக்கு நடுவழியில என்ன தோணிச்சோ, மறுபக்கம் வளைஞ்சு மேல் மூலைக்குள்ள நுழைஞ்சுது. கீப்பர் பந்தைப் பாக்கல, உதைச்சவனைப் பாத்தாரு. அந்த வருசத்து உலகத்துலயே அழகான கோல்னு ஃபிஃபா புஸ்காஸ் விருது. ஆசியாக்காரன் ஒருத்தன் அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. 2017 ஜனவரியில சூரிச்ல மேடை, விருதைக் கையில குடுத்தது பிரேசில் ரொனால்டோ. நம்ம ஆளு நன்றி சொல்ல எழுதி வெச்சதைப் போன்ல தேடுறாரு, தேடுறாரு, உலகமே காத்துக்கிட்டிருக்கு. எனக்கு அந்தக் கோலைவிட அந்தத் தேடல்தான் பிடிச்சுது. கோட்டு சூட்டுப் போட்ட கூட்டத்துல மனுசன் மாதிரி ஒருத்தன்.

ஃபைஸ் சுப்ரி அட்டை உன் டப்பாவுல இருக்கா? எங்கேயாவது கண்ணுல பட்டா எனக்குச் சொல்லு, நான் வாங்கிக்கிறேன். எண் போடாததா இருந்தாலும் பரவால்ல.

மான்செஸ்டரை விட்டுடுன்னு சொல்லல. ஆசை வெச்சதை விடச்சொல்றவன் பெரிய மனுசனா? ஆனா டீமுன்னு சொன்னா முதுகுல 31ன்னு எண் போட்டவனையும் தெரிஞ்சு வெச்சுக்க. அவன் எந்த ஊரு, எந்த வருசம் வந்தான், ஏன் ஆடவிடமாட்டேங்கிறாங்க, வாரா வாரம் சூடு பண்ணிட்டு மறுபடி ஏன் உக்காந்துக்கிறான். பெரிய ஆளைப் பத்தி ஊரே சொல்லும், நீ தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

இப்போ ஒரு சின்ன விஷயம். கோவப்படாம கேக்கணும்.

போன வாரம் நீ இங்கே மறந்து வெச்சுட்டுப் போன டபுள் கட்டு கொஞ்சம் இளைச்சிருக்கும். இளைச்சிருக்குன்னா, அந்தத் தங்க ஓரம் போட்ட முன்வரிசைக்காரன், ரெண்டு வெச்சிருந்தியே, அதுல ஒண்ணு இல்ல. ஒட்டுக்கடை முதலாளி மகன் பாத்துட்டான். பாத்ததும் அவன் கண்ணு பந்து மாதிரி உருண்டுது, நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள தட்டுல மீ கோரேங் வந்துடுச்சு. மரியாதைக்குத் தின்னேன். அப்புறம் பேசினோம். அவன்கிட்ட உன் டீம் பின்வரிசைக்காரன் மூணு பேரு, ரெண்டாவது கீப்பர், இன்னும் பேரு வாயில நுழையாத ஒரு பையன். அஞ்சு பேரும் சும்மா கிடந்தாங்க. அஞ்சையும் வாங்கினேன், மேலே கொஞ்சம் வெள்ளியும் வாங்கினேன். அவனுக்கு ரொம்ப சந்தோசம், தாத்தா ஏமாந்துட்டாருன்னு.

முறைக்காதே. இந்தா, அஞ்சும் இந்தப் பழைய பேப்பருக்குள்ள இருக்கு, மூலை மடங்காம வெச்சிருக்கேன். கீப்பரை இந்தத் தடவையாவது நேரா ஒட்டு.

அந்த வெள்ளிதானே? அதுல சிட்டி ஸ்டேடியத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு, சனிக்கிழமை ராத்திரி ஆட்டம். ரெண்டு டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது, என் கையிலேருந்து போட்டேன். உன் பங்கு நாலு வெள்ளி. அம்மாகிட்டக் கேக்காதே, பாக்கெட் வாங்க வெச்சிருக்கியே அதுலேருந்து எடு.